டொக்கு அக்காவும் எட்டு சாப்பாட்டு மேஜைகளும்

மும்பையில் நான் பார்த்தவர்களிலேயே மனிதர்களை உடனே நம்பிவிட்டு, மேஜை நாற்காலிகளை மட்டும் கடைசிவரை நம்பாத ஒரே ஆள் டொக்கு அக்காதான். நேற்று அறிமுகமானவர் கையில் பீரோ சாவியைக் கொடுப்பாள். ஆனால் ஒரு ஸ்டூலில் உட்காரவேண்டும் என்றால், முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பாள். பிறகு விரல் முட்டியால் இரண்டு தட்டு. டொக், டொக். சத்தம் பிடித்தால் உட்காருவாள். பிடிக்காவிட்டால் நின்றபடியே டீ குடிப்பாள்.

மாட்டுங்காவில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டலில், மூன்று வருடம் நான் அவளுடன் ஒரே அறையில் இருந்தேன். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பேச்சில் மட்டும் திருநெல்வேலி அப்படியே இருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில், பெஞ்சு, அலமாரி வாங்கும் பிரிவில் வேலை. எந்தப் பெஞ்சு எத்தனை நாளில் உடையும் என்பதை, அதில் உட்காரப்போகும் கூட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

எனக்கு முலுண்டில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க என் அம்மாவோடு அவளையும் அழைத்துப் போனது என் தவறு. மாப்பிள்ளையின் அப்பா தன் டைனிங் டேபிளைக் காட்டி, "அசல் தேக்கு. பையன் பாத்துப் பாத்து வாங்கினான்" என்றார். அக்கா எழுந்து போய்த் தட்டினாள். குனிந்து அடியில் நகத்தால் சுரண்டினாள்.

"தேக்கில்ல ஸார். மரத்தூள பசை வச்சு ஒட்டி, மேல தேக்கு மாதிரி படம் ஒட்டிருக்கானுவ. ஒங்க பையன நல்லா ஏமாத்திட்டானுவ."

உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னாள். இரண்டே நாளில், ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. பொருந்திய பிறகுதான் எங்களை வீட்டுக்கே கூப்பிட்டிருந்தார்கள்.

இப்படிப்பட்டவள், ஹாஸ்டலில் சாப்பிடும் கூடத்துக்குப் புது மேஜை வரப்போகிறது என்றால் சும்மா இருப்பாளா?

ஹாஸ்டலில் எட்டு பழைய மர மேஜைகள் இருந்தன. அவற்றின் இடுக்குகளில் மூட்டைப்பூச்சிகள் எங்களைவிட அதிக நாளாகக் குடியிருந்தன. ஒருவழியாக, ஹாஸ்டலை நடத்தும் டிரஸ்ட்டுக்கு மனம் இரங்கியது. நாங்கள் டிரஸ்டி மாமா என்று கூப்பிடும் பெரியவர் ஒரு திங்கட்கிழமை காலையில் மாதிரிக்கு ஒரு மேஜையோடு வந்து இறங்கினார். வெள்ளை வெளேரென்று முகம் தெரிகிற பளபளப்பு.

"ஸ்டார் ஹோட்டல் மாதிரி இருக்கோன்னோ? எட்டும் இதே மாதிரிதான் வரப்போறது. ஒரு வாரம் உபயோகிச்சுப் பாருங்கோ. ஞாயித்துக்கிழமை வந்து ஆர்டர் குடுத்துடறேன்" என்றார்.

அவர் போனதும் அக்கா தட்டினாள். துக்க வீட்டுக்கு வந்தவள்போல் முகம் தொங்கிவிட்டது.

"உள்ள பூரா மரத்தூள்ட்டி. ஓரத்துல ஒட்டுன பட்டி ஒரு மழைக்காலம் தாங்காது."

"மாமாகிட்ட சொல்லிடுங்கக்கா."

"நாம சொன்னா கேப்பாவளா? உபயோகிச்சுப் பாக்கச் சொல்லிருக்காவல்லா. பாப்போம்."

அன்றே கொதிக்கிற ரசப் பாத்திரத்தை அதன்மேல் என்னை வைக்கச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மஞ்சள் கரைசல். புதன்கிழமை, பேங்க்கில் வேலை செய்யும் பெண் அதன்மேல் துணி விரித்து நான்கு புடவைகளுக்கு இஸ்திரி போட்டாள். வியாழக்கிழமை நகப்பூச்சு அழிக்கும் திரவம் கொட்டியது. வெள்ளிக்கிழமை பூராவும் ஓர் ஈர வாளி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. எதுவும் புதிதில்லை. நாங்கள் எல்லா மேஜைக்கும் வருடக்கணக்கில் செய்கிற கொடுமையை ஐந்து நாளில் செய்துமுடித்தோம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மேஜையின் ஓரம் பூரி மாதிரி உப்பியிருந்தது. அதை வார்டன் மாமி பார்த்துவிட்டார்.

"ஹாஸ்டல் சொத்தைப் பாழ் பண்ணினா ரூமைக் காலி பண்ணணும்னு ரூல் இருக்கு. தெரியுமோல்லியோ?" என்றவர், இதற்கெல்லாம் தலைவி யார் என்று ஊகித்து, மாலைக்குள் அக்கா பெயருக்கு நோட்டீஸே கொடுத்துவிட்டார்.

அக்கா நோட்டீஸை வாங்கிக்கொண்டாள். அறைக்கு வந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். தாராவியில் அவள் அண்ணன் வீடு ஒரே அறை. அதில் ஏழு பேர். அங்கே படுக்க இடமில்லாமல்தான் ஹாஸ்டலுக்கு வந்தவள். ரசப் பாத்திரம் வைத்த கை என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை டிரஸ்டி மாமா வந்தார். மேஜையைப் பார்த்தார்.

"யார் பண்ணின காரியம் இது?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ரசம் நான் வெச்சேன் மாமா." அடுத்து பேங்க் பெண், "இஸ்திரி நான்தான்" என்றாள். மூலையிலிருந்து, எங்களில் சின்னவள் ஒருத்தி, "நெயில் பாலிஷ் ரிமூவர் மேரா தா, அங்கிள்" என்று இந்தியில் தன் பங்கை ஒப்புக்கொண்டாள். வாளிக்கு மட்டும் மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள்.

மாமாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கெல்லாம் நல்ல சாமான் வாங்கிப் போடணும்னு நெனச்சேன் பாருங்கோ, என்னைச் சொல்லணும்" என்றபடி மேஜை மூலையில் கையை ஊன்றிச் சாய்ந்தார். மூலை அவரோடு போயிற்று.

தரையில் உட்கார்ந்த நிலையில், கையோடு வந்த துண்டைப் பார்த்தார். விரலால் நசுக்கினார். அது உதிர்ந்தது.

"என்ன இது, பொடிமாஸ் மாதிரின்னா இருக்கு?"

"அதத்தான் ஸார் சொல்ல வந்தேன்" என்றாள் அக்கா. அவரைத் தூக்கிவிட்டதும் அவள்தான்.

நோட்டீஸ் அன்றே ரத்தாயிற்று. மேஜை, நாற்காலிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. கிரானைட் வேண்டாம் என்றாள். நகர்த்திக் கூட்ட முடியாது. ஸ்டீல் பலகை வேண்டாம் என்றாள். நாற்பது தட்டு ஒன்றாக விழுந்தால் தாதர் ஸ்டேஷனே உள்ளே வந்தாற்போல் இருக்கும். கடைசியில் தண்ணீர் இறங்காத, கெட்டியான, பழுப்பு நிற காம்பாக்ட் போர்டு; இரும்புக் குழாய்க் கால்கள்; கால்களுக்கு ரப்பர் பூட்ஸ். நாற்காலிகளில் துணி, மெத்தை எதுவும் கூடாது. மூட்டைப்பூச்சிக்கு நுழைய வழி இருக்கக் கூடாது.

"ரயில் கக்கூஸ் கதவைப் படுக்க வெச்ச மாதிரி இருக்குக்கா" என்றேன்.

"அந்தக் கதவு என்னிக்காவது உப்பிப் பாத்திருக்கியாட்டி?"

நாற்காலிகள் வந்தபோது ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. உட்காரும் பலகை மற்றவற்றைவிட நான்கு விரல் உயரம். இரண்டு பக்கமும் கைகள். கடைக்காரன் தப்பாக அனுப்பிவிட்டான் என்று நினைத்து, திருப்பி அனுப்ப அதைத் தூக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

வார்டன் மாமி தட்டோடு வந்தார். எப்போதும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். எங்களைக் கண்காணிக்கத்தான் நிற்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

அக்கா அந்த நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "ஒக்காருங்க மேடம். முட்டி மடங்கலன்னா ஒயரம் வேணும். எந்திரிக்க கை வேணும். ஆஸ்பத்திரில தெனம் பாக்குதேன்."

மாமி நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மெதுவாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மோர்ப் பாத்திரத்தை எடுத்து அக்காவின் தட்டில் தாமே ஊற்றினார்.

நான் இப்போது செம்பூரில் குடித்தனம் நடத்துகிறேன். என் வீட்டு மேஜையைப் பற்றி அக்கா என்ன சொன்னாள் என்பதை என் கணவர் மனம் நோகும் என்பதால் இங்கே எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் ரயில் பிடித்து மாட்டுங்கா போய், ஹாஸ்டலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன். சமையல் அங்கே அப்போதும் மோசம், இப்போதும் மோசம்தான்.