இன்டர்நெட் கடைக்கு அத்திவாரம் போட்ட எஸ்டிமேட்டர்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், தலைமயிர் வெட்டுவதற்கு எஸ்டிமேட் போட்ட மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் எஸ்டிமேட்டர். சலூன் கதிரையில் குந்துவதற்கு முன்னரே ஒரு துண்டுக் கடதாசியில் 'இடப்பக்கம், வலப்பக்கம், பிடரி, எதிர்பாராச் செலவு' என்று நாலு வரி எழுதிவிடுவார். இடப்பக்கம் முடிந்ததும் எழும்பிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்ப்பார். திருப்தி என்றால் மூன்றிலொரு பங்கு காசு. பிறகுதான் வலப்பக்கம். ஒருநாள் சலூன்காரருக்குப் பொறுமை போய்க் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். எஸ்டிமேட்டர் மூன்று நாள் அரைத்தலையோடு நாவற்குடாச் சந்தியில் திரிந்தார்.

"வேலை இடைநடுவில நிக்கிது. ஆனா எனக்கு ஒரு சதம் நட்டமில்ல" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

பஸ்ஸிலும் இதே கூத்துத்தான். ஓட்டமாவடிக்கு ஏறினால் ஏறாவூர் வரைக்கும் பாதிக் காசு, மிச்சம் இறங்கும்போது என்பார். ஒரு கண்டக்டர் அவரை ஏறாவூரிலேயே இறக்கிவிட்டுப் போனார். "பாத்தீங்களா, முழுசாக் குடுத்திருந்தா அதுவும் போயிரிக்கும்" என்றார் மனுஷன். இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் ஊரின் முதல் இன்டர்நெட் கடைக்குப் பட்ஜட் போடக் கூப்பிட்டார்கள். அதைத் தடுக்க நான் தலைகீழாக நின்றேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவர் முந்தி மேசன் வேலை செய்தவர். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உதவி நிறுவனமொன்று கரையோரத்தில் வீடு கட்டிக் கொடுத்தபோது அங்கே வேலை மேற்பார்வைக்குச் சேர்ந்தார். அந்த நிறுவனத்தில் காசு மொத்தமாகக் கொடுக்க மாட்டார்கள். அத்திவாரம் முடிந்தால் ஒரு கொடுப்பனவு, ஜன்னல் மட்டம் வந்தால் ஒன்று, கூரை ஏறினால் ஒன்று. எல்லாத்துக்கும் மேலே எதிர்பாராச் செலவுக்குப் பத்து வீதம். நூற்றுக்கணக்கான வீட்டுக்கு இப்படி எஸ்டிமேட் எழுதி எழுதி, மனுஷனுக்கு உலகமே ஒரு வீடாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு போனது, பழக்கம் போகவில்லை.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷம். பாதையெல்லாம் திறந்து, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் கமராவோடு வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். நாவற்குடாவில் நான் கொம்யூனிகேஷன் கடை வைத்திருந்தேன். ரெலிபோன், போட்டோகொப்பி, மூன்று கொம்பியூட்டர். பக்கத்து வளவில் புவனா அக்காவின் கறித்தூள் மில். குவைத்தில் எட்டு வருஷம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்து தொடங்கிய மில் அது. நாலு பெண்கள் வறுப்பார்கள், அக்கா அரைப்பார். வறுக்கிற நாளில் என் கடைக்கு வருகிற ஆள் ஒவ்வொருவரும் தும்மிக்கொண்டுதான் 'ஹலோ' சொல்வார்கள்.

வந்த வெளிநாட்டுக்காரர் எல்லாம் அந்தத் தூளை மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று பெட்டிக்குள் அமுக்கிக்கொண்டு போனார்கள். போய் ஒரு மாசத்தில் என் கடைக்குப் போன் வரும். "தம்பி, அந்த அக்காட தூள் அனுப்ப ஏலாதா?" நான் புத்திசாலி அல்லவா? இன்டர்நெட்டில் ஒரு கடை போடுவோம் என்று அக்காவுக்கு ஆசை காட்டினேன். கொழும்புக் கொம்பனி ஒன்றிடம் கொட்டேஷனும் எடுத்தேன்.

வழவழவென்ற கடதாசியில் எட்டுப் பக்கம், முழுக்க இங்கிலீசு. தொகை நாலு இலட்சத்து எண்பதாயிரம், முழுவதும் முன்பணம். புவனா அக்காவின் வங்கிப் புத்தகத்தில் இருந்ததே ஐந்து இலட்சம்தான். எட்டு வருஷம் அடுத்தவன் வீட்டுக் கோப்பை கழுவிய காசு. அது பிழைத்தால் மில்லும் இல்லை, அந்த நாலு பெண்களுக்கு வேலையும் இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும், "கையெழுத்தை வைங்க அக்கா, பெரிய கொம்பனி" என்றேன். அந்தக் கடதாசியின் வழவழப்பு என் கண்ணைக் கட்டிவிட்டது.

அக்கா பேனையை எடுத்தார், வைத்தார். "தம்பி, எஸ்டிமேட் அண்ணனிட்ட ஒருக்காக் காட்டுவமே?"

"அக்கா! அவர் கொம்பியூட்டர தொட்டும் பாக்காதவர்!"

"அதுக்கென்ன, காசத் தொட்டவர்தானே."

வந்தார். காதில் பென்சில், கையில் ஃபுல்ஸ்காப் தாள். "முதல்ல சொல்லு தம்பி, வளவு எங்க இரிக்கி?"

"அண்ணன், இது இன்டர்நெட். வளவு கிடையாது."

"வளவு இல்லாமக் கடை எங்க நிக்கும்? ஆகாயத்திலயா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு விளங்கப்படுத்தினேன். கடை வேறொருவருடைய பெரிய கொம்பியூட்டரில் இருக்கும், அதற்கு வருஷாவருஷம் காசு கட்டவேண்டும் என்றேன். "அப்ப குத்தகைக் காணி" என்று எழுதினார். "குத்தகை வருஷம் எவ்வளவு?" கொட்டேஷனைப் புரட்டினேன். முதல் வருஷம் மட்டும் இருந்தது, அடுத்த வருஷத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார்.

"மறுகா அடுத்த விசயம், சாமான் வாங்குற ஆள் காசை எதுக்குள்ளால தருவான்?"

வங்கியின் வழியாக வரவேண்டும், அதற்கு வங்கிக்குத் தனியாகக் கட்டணம் என்றேன். அதுவும் கொட்டேஷனில் இல்லை.

"எட்டுப் பக்கம் எழுதியிருக்கானுகள், வீட்டுக்கு வாசல் வைக்க மறந்துபோனானுகளே மனே!" என்று எஸ்டிமேட்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு, கடையின் முதல் பக்கத்தைத் திறந்தவுடன் மிளகாய் பறந்து வருகிற படத்துக்கும், பாட்டுக்கும், ஜெர்மன் மொழிக்கும் இருந்த தொகையைப் பார்த்தார். "இது பூந்தோட்டம். கூரை ஏறினாப்பிறகு பூக்கண்டு நடுவம்." மூன்று வரியையும் ஒரே கோட்டில் வெட்டினார்.

அடுத்த நாள் அவருடைய எஸ்டிமேட் வந்தது. அத்திவாரம், சுவர், ஜன்னல் மட்டம், கூரை, வாசல், வேலி. ஏழாவதாகக் கக்கூஸ். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு எங்கட நிறுவனம் ஒருநாளும் காசு விட்டதில்ல. அது இரிக்கட்டும்."

வாரக் கடைசியில் கொழும்பிலிருந்து கொம்பனியின் ஆள் நிரோஷன் வந்தான். இருபத்தைந்து வயது, கழுத்துப்பட்டி, மடிக்கணினி. மில்லில் சாக்குகளுக்கு நடுவே ஐந்து தரம் தும்மிவிட்டு உட்கார்ந்தான். எஸ்டிமேட்டர் தன் தாளை நீட்டினார். நிரோஷன் வாசித்துக்கொண்டே வந்து ஏழாவது வரியில் நின்றான்.

"அங்கிள், இதென்ன டொய்லட்?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"தம்பி, ஒரு வீட்டில திண்டது எல்லாம் உள்ளுக்க நிக்குமா? ஒருத்தி ஒரு கிலோ கேட்டு ரெண்டு கிலோ போயிட்டு. இன்னொருத்திக்குத் தூள் பக்கெட் உடைஞ்சு போகுது. காசத் திருப்பித் தா எண்டு கேக்கிறாள். அது எங்க போகும்?"

நிரோஷன் தன் எட்டுப் பக்கத்தையும் ஒருதரம் புரட்டிப் பார்த்தான். "அது... நாங்க யோசிக்கல்ல அங்கிள்."

"அதத்தான் நான் கக்கூஸ் எண்டு சொல்லுற. சரி, மறுகா உறுதிப் பத்திரம். கடைட பேர், சாவி எல்லாம் ஆர்ட பேரில?"

நிரோஷன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். கொட்டேஷனின் எட்டாம் பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் இருந்ததை மெதுவாக வாசித்தான். கடையின் பெயரும், முகவரியும், உள்ளே இருக்கிற சகலமும் கொம்பனிக்கே சொந்தம். அக்கா கொம்பனியை விட்டுப் போனால் வெறுங்கையோடு போகவேண்டும்.

புவனா அக்காவின் முகம் செத்துப்போனது. என் முகத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை. அந்தப் பக்கத்தை நான் வாசிக்கவே இல்லை.

எஸ்டிமேட்டர் சத்தம் போடவில்லை. "மனே, இஞ்ச கன பேருக்கு வீடு கிடைச்சிது, உறுதி கிடைக்கல்ல. அந்தச் சனம் இன்னும் உறுதி கேட்டுக் கச்சேரிக் கந்தோருக்கு நடக்கிது. இந்தப் புள்ளைய அப்பிடி நடக்க விடமாட்டன். உறுதி இவட பேரில. காசு நாலு கட்டமா. கடைசிப் பத்து வீதம், பூச்சு வெடிக்குதா எண்டு மூணு மாசம் பாத்துட்டுத்தான். ஏலுமெண்டா சொல்லு, ஏலாட்டி தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

நிரோஷன் வெளியே போய் முதலாளியோடு அரை மணித்தியாலம் போனில் பேசினான். திரும்பி வந்தபோது தொகை மூன்று இலட்சமாகக் குறைந்திருந்தது, உறுதி அக்காவின் பேரில். தேத்தண்ணியும் குடித்தான்.

அன்றைக்குத்தான் அக்கா எனக்கு ஒரு விஷயம் சொன்னார். சுனாமி எஸ்டிமேட்டரின் வீட்டையும் கொண்டுபோனது. அந்த நிறுவனத்தில் சேருவதற்கு முன்னர், கையிலிருந்த கொஞ்சக் காசை முழுதாக ஒரு கொந்தராத்துக்காரனிடம் கொடுத்தாராம். அவன் அத்திவாரத்துக்குக் கிடங்கு வெட்டியதோடு மறைந்துவிட்டான். இரண்டு மாரி அந்தக் கிடங்கில் தண்ணீர் நிற்க, மனுஷன் பெண்சாதி பிள்ளைகளோடு பக்கத்தில் தகரக் கொட்டிலில் கிடந்தாராம். அரைத்தலைக்கு நான் சிரித்த சிரிப்பெல்லாம் அன்றைக்கு எனக்கே கசந்தது. வெட்கமாகவும் இருந்தது.

வெட்கம் இரண்டு கிழமைதான் நின்றது. ஏனென்றால் பிறகு அவர் 'இன்ஸ்பெக்ஷன்' செய்ய என் கடைக்கு வரத் தொடங்கினார். ஒற்றை விரலால் ஒவ்வொரு பட்டனையும் கதவைத் தட்டுவதுபோலத் தட்டுவார். ஜன்னல் மட்டத்துக்குக் காசு விடவேண்டிய நாளன்று திடீரென்று கத்தினார்.

"தம்பி, ஓடியா! கடை எனக்குக் காசு தரப்போகுது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். எத்தனை கிலோ என்கிற பெட்டியில் மைனஸ் பத்து என்று அடித்திருந்தார். கடை அதைப் பவ்வியமாக ஏற்றுக்கொண்டு, பத்துக் கிலோவின் விலையை அவருக்குத் தருவதாகக் கணக்குக் காட்டிக்கொண்டு நின்றது. நிரோஷனுக்குப் போன் போட்டேன். "அங்கிளுக்கு எப்பிடி மைனஸ் போடத் தோணிச்சு?" என்றான்.

எஸ்டிமேட்டர் போனைப் பறித்தார். "நான் மேசன்டா. சுவர் கட்டினா உதைச்சுப் பாக்கவேணும்." அது திருத்தி வரும்வரை காசு போகவில்லை.

எதிர்பாராச் செலவுக்கு அவர் ஒதுக்கிய பத்து வீதத்தை நான் கேலி பண்ணியிருந்தேன். "இன்டர்நெட்டில என்ன அண்ணன் எதிர்பாராச் செலவு, மழை பெய்யுமா?" கடை திறக்க முன்னர் சோதனைக்காக ஒரு பார்சல் அனுப்பினோம். அது தபால் கந்தோரைத் தாண்டவில்லை. முத்திரை குத்தியபோது பக்கெட் வெடித்து, வரிசையில் நின்ற ஓய்வூதியக்காரர் அத்தனை பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். தடித்த பையும், வாய் ஒட்டுகிற மெஷினும் அந்தப் பத்து வீதத்தில்தான் வாங்கினோம். எஸ்டிமேட்டர் என்னைப் பார்த்து, "மழை பெய்ஞ்சிட்டு" என்று மட்டும் சொன்னார்.

கடை திறந்த அன்று காலை முழுவதும் ஒன்றும் வரவில்லை. அக்கா கையைப் பிசைந்துகொண்டு என் கடை வாசலில் நின்றார். நாலு பெண்களும் அடுப்பை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். எஸ்டிமேட்டர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கதிரையில் இருந்தார். பதினொரு மணிக்குக் கொம்பியூட்டர் 'டிங்' என்றது. நோர்வேயில் ஒரு பெண், இரண்டு கிலோ. காசும் வந்துவிட்டது! அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார். நாலு பெண்களும் ஒன்றாகக் குரவை போட்டார்கள். மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்குப் போடுகிற குரவை. ரோட்டால் போன ஆட்டோ நின்று பார்த்தது. இருட்டுவதற்குள் ஒன்பது ஓடர். மாசக் கடைசியில் ரொறன்ரோவில் ஒரு கடைக்காரர் நாற்பது கிலோ கேட்டார். அடுப்படியில் நாலு பேர் ஏழு பேரானார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாசம் கழித்து, பூச்சு வெடிக்கவில்லை என்று உறுதியான பிறகு கொம்பனிக்குக் கடைசிப் பத்து வீதம் போனது. அன்று எஸ்டிமேட்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு மில்லுக்கு வந்து, அக்காவிடம் ஒரு கடித உறையைக் கொடுத்தார். உள்ளே, எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியதில் மிஞ்சிய காசும் ஒரு கடிதமும். அக்கா அதை என்னிடம் வாசிக்கத் தந்தார்.

'கொடையாளர்: திருமதி புவனேஸ்வரி அவர்கள். தாங்கள் வழங்கிய நிதியில் செலவாகாத மிகுதியை நன்றியுடன் திருப்பிச் சமர்ப்பிக்கிறோம்.'

"என்ட காசுதானே அண்ணன், இதுக்கு என்னத்துக்குக் கடிதம்?" என்றார் அக்கா.

"அத்தன வீட்டுக்கும் எழுதினன் புள்ள. அந்த இடத்தில எப்பயும் தூரத்து ஊர்ப் பேர்தான். நம்மட ஆள் ஒண்டுட பேர ஒருக்காவது எழுதவேணும் எண்டு ஆசையாக் கிடந்திச்சு."

அக்கா மிளகாய்த்தூள் கையால் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு எரிச்சலுக்கு அழுதாரா, மற்றதுக்கு அழுதாரா என்று சொல்ல முடியவில்லை. எனக்குத் தூள் படவில்லை, நானும் அழுதேன்.

போகும்போது எஸ்டிமேட்டர் திரும்பி நின்று ஒரு வேலை சொன்னார். சுனாமி வீடு ஒவ்வொன்றின் முகப்பிலும் யாருடைய நிதியில் கட்டியது என்று ஒரு கல் பதித்திருக்கும். கடைக்கும் ஒன்று பதிக்கச் சொல்லி நிரோஷனிடம் சொல்லவேண்டுமாம். நிரோஷன் அதற்குக் காசு வாங்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கடையின் பக்கத்தை அடிவரை இறக்கினால் இருக்கும்: 'இக்கடை, குவைத்தில் எட்டு வருடம் உழைத்த புவனேஸ்வரியின் நிதியில் கட்டப்பட்டது.'

கடையை மூன்று தரம் புதுப்பித்துவிட்டார்கள், அந்த வரியை யாரும் தொடவில்லை. ஆனால் மேசனின் பெயரைக் கல்லில் போடுகிற வழக்கம் எங்கும் இல்லை. அதனால் இங்கே நான் போடுகிறேன். அவருடைய பெயர் தர்மலிங்கம்.