மடிப்பைப் பிரிக்காத அலுவலகம்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். ஓர் அலுவலகம் அறிவியலையே முந்திய கதையைச் சொல்கிறேன். மனிதன் நெருப்பைக் கண்டான், சக்கரத்தைக் கண்டான். அதற்கப்புறம் உருப்படியாக நடந்தது, ஓர் ஆய்வுக்கூடத்தில் நீள அறிக்கைகளை வெட்டிச் சின்னதாக்க ஒரு ‘சுருக்கப் பிரிவு’ தொடங்கியதுதான்.

அங்கே ஓர் ஆராய்ச்சிக்காரி இருந்தாள். அவள் ஆராய்ந்தது ஆர்.என்.ஏ. மரபணு எழுதியனுப்பும் நீளக் கடுதாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாத பகுதியை வெட்டி, வேண்டியதை ஒட்டுவதற்கென்றே செல்லுக்குள் ஆட்கள் உண்டு. ஆனால் அந்தக் கடுதாசி சும்மா கிடக்காது. தானே மடங்கிச் சுருண்டுகொள்ளும். வெட்டுக்குறி மடிப்புக்குள் ஒளிந்துவிட்டால், வெட்டுகிறவர் அதைத் தாண்டிப் போய் அடுத்த குறியில் வெட்டுவார். நடுவிலிருக்கும் நல்ல துண்டும் குப்பைக்குப் போகும். ஒரே கடுதாசிதான், மடிப்பு மாறினால் சேதி மாறும்.

தன் முடிவை ஆளுயரத் தாளில் எழுதிக் கொடுத்தாள்: “மடிப்பைத் திறந்தால் செல் பிழைக்கிறது, திறக்காவிட்டால் செல் சாகிறது.” தபால் தட்டு சின்னது. பியூன் தாளை மடித்துச் செருகினார். சுருக்கப் பிரிவு எழுத்தர் விதி தவறாத உத்தமர்: ‘வந்த தாளை வந்த நிலையிலேயே சுருக்குக.’ வெளியே தெரிந்ததை மட்டும் வெட்டி ஒட்டினார்: “மடிப்பைத் திறந்தால் செல் சாகிறது.”

உடனே இயக்குநர் கையெழுத்தோடு உத்தரவு பறந்தது: ஐந்து மணிக்குள் அவள் ஆய்வுக்காக வளர்த்துவந்த செல்களைக் கொட்டிவிட வேண்டும்!

இயக்குநர் அறைக்கு ஓடினாள். “சார், அது மூணு வருஷமா வளர்த்தது!”

“சாகுதுன்னு நீதானேம்மா எழுதியிருக்கே?”

“நடு வரி மடிப்புல மாட்டிக்கிச்சு சார். பிரிச்சுப் பாருங்க!”

அங்கே கோப்போடு நின்ற எழுத்தர் குறுக்கிட்டார். “மன்னிக்கணும் மேடம். பிரிக்கிறதுக்குத் தனிப் பிரிவு. அது இன்னும் தொடங்கலை.”

“அட அண்ணே, என் கண்டுபிடிப்பே இதுதான்! செல்லுக்குள்ள நடக்கிற கூத்தை நீங்க மேஜை மேலயே நடத்திட்டீங்க!”

இயக்குநர் எழுந்து நின்றார். முகத்தில் ஞான ஒளி.

“அப்போ இவர் உன் ஆராய்ச்சியை நிரூபிச்சுட்டார்!”

“ஒரு விதத்துல... ஆமா சார்.”

“நீ மூணு வருஷம், இவர் அரை மணி நேரம்! அதுவும் மைக்ராஸ்கோப் இல்லாம!”

எழுத்தர் நெளிந்தார். “கத்தரிக்கோல் மட்டும்தான் சார்.”

வாசலில் கூடிவிட்ட அலுவலகத்தாரின் கைதட்டல் கூரையைப் பிளந்தது. எழுத்தர் அங்கேயே ‘முதுநிலை விஞ்ஞானி’ ஆனார். எப்பேர்ப்பட்ட நியாயம்!

“அப்போ என் செல்லுங்க?”

“உத்தரவு போயிடுச்சேம்மா. இந்நேரம் கொட்டியிருப்பாங்க.”

அவள் அழவில்லை. சிரித்தேவிட்டாள். “செல்லுக்கு மூளை கிடையாது சார். அதனால தப்பா வெட்டின சேதியைக் கண்டா கிழிச்சுப் போட்டுடும். உங்களுக்கு மூளை இருக்கு. அதான் கையெழுத்துப் போட்டுட்டீங்க.”

உங்கள் வீட்டில் யார் எது சொன்னாலும் நடுவில் ஒரு சொல்லும் விடாமல் கேட்க ஆளிருக்கட்டும், கண்ணுகளா. பெரியவர் சிறியவர் எல்லாரும் நிறைவாக இருங்கள்.