கிணற்றுக்குள் போன டைவ் கம்ப்யூட்டர்

மாமனார் வீட்டில் ‘இங்கிலீஷ் படித்தவர்’ என்று பெயர் வாங்கியிருக்கவே கூடாது. கல்யாணமான மூன்றாம் மாதமே அந்தப் பெயரை உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கிணற்றில் தொலைத்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. என் மச்சினன் செந்திலுக்குக் கொச்சியில் கடலுக்குள் முங்கி வேலை செய்கிற உத்தியோகம் கிடைக்கிற மாதிரி இருந்தது. நாளை மறுநாள் தேர்வு. அதற்காக நண்பனிடம் ஒரு டைவ் கம்ப்யூட்டரை இரவல் வாங்கி வந்திருந்தான். கையில் கட்டிக்கொண்டு முங்கினால் எவ்வளவு ஆழம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று காட்டுமாம். பெரிய கடிகாரம் மாதிரி இருந்தது. பொத்தான் ஒன்றுகூடக் கிடையாது.

“மாமா, நீங்க கோயமுத்தூர்ல மோட்டார் கம்பெனி இன்ஜினியருங்க. இதப் படிச்சுச் சொல்லிப்போடுங்க” என்று கையேட்டை நீட்டினான்.

(எந்த நாட்டுப் புண்ணியவான் எழுதிய இங்கிலீஷோ!) ‘ஈர விரல்களால் எழுப்பவும்’ என்று இருந்தது. அச்சுப்பிழை என்று முடிவுகட்டி, இல்லாத பொத்தானை ஒரு மணி நேரம் தேடினேன். பாத்திரம் கழுவிய கையோடு வந்த என் மனைவி கவிதா சும்மா தொட்டாள். உடனே விழித்துக்கொண்டது.

போன மானத்தை மீட்க, ஆழத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிப்பதாகச் சொல்லி, அதைக் கல்லோடு கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினேன். நல்ல மழை பெய்த வருஷம், எண்பது அடித் தண்ணீர். ஐந்தே நிமிடத்தில் எடுப்பதாகத்தான் திட்டம். அதற்குள் மாமியார் இலை போட்டுவிட்டார்.

புது மாப்பிள்ளை பாதியில் எழுந்திருக்க முடியுமா? “இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க” என்று சொல்லிச் சொல்லியே ஒன்றரை மணி நேரம் ஆக்கிவிட்டார். பாயசத்தின்போதுதான் கிணறு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கயிற்றை விறுவிறுவென்று இழுத்தேன். கருவி கீச்கீச்சென்று கத்திக்கொண்டே மேலே வந்தது. திரையில் ஒரு விமானப் படம்.

“ஏனுங்க, நம்மூட்டுல யாருங்க ப்ளேன்ல போறது?” என்றாள் கவிதா.

அதற்குப் பிறகு ஈர விரலால் தொட்டாலும் அது மசியவில்லை. செந்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “வேல போச்சுங்க மாமா” என்றான். எனக்குக் கிணற்றிலேயே குதித்துவிடலாம் போல இருந்தது.

சாயங்காலம் அவனே எழுத்துக்கூட்டிக் கடைசிப் பக்கத்தைப் படித்தான். ரொம்ப நேரம் அடியில் இருந்துவிட்டு, நடுவில் நிற்காமல் மேலே வந்தால் ஆளுக்கு ஆபத்தாம். அதனால் கருவி இருபத்துநாலு மணி நேரம் வேலை செய்யாதாம், மறுபடி முங்கவும் விடாதாம். அதுவரை விமானத்திலும் ஏறக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் படமாம்.

“மாமா, இது கெட்டுப்போகலீங்க. உங்களுக்குத்தான் ஒடம்புக்கு ஏதோ ஆயிருச்சுன்னு நெனச்சுக்கிச்சு!”

மறுநாள் மத்தியானம் கவிதா கையை நனைத்துக்கொண்டு வந்து தொட்டாள். விழித்துக்கொண்டது. அப்பாடா! வெட்கத்தை விட்டு அழுதேவிட்டேன். செந்தில் ரயிலேறினான், வேலையும் கிடைத்தது. வேகமாக மேலே வந்தால் என்ன ஆகும் என்று தேர்வில் கேட்டார்களாம். கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லியிருக்கிறான்.

இன்றைக்கும் நான் கோபித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தால், கவிதா போனில் தம்பியிடம் சொல்வாள்: “உடு கண்ணு, இருபத்துநாலு மணி நேரந்தான். நாளைக்கு ஈரக் கையில தொட்டா எந்திரிச்சுக்குவாரு.”