நொச்சி நிற்கும் பக்கம்தான் வாசல்

வாசல் செடிக்காகக் குச்சி மாமாவைப் போலச் சண்டை போட்ட மனிதர் காவிரி பாயும் சீமையில் எங்கும் பிறந்திருக்கமாட்டார். அவருக்கென்று ஒரு வாசல் கிடையாது. அக்கா குடிசையின் ஓரத்தில் படுத்துக்கொள்வார். ஆனால் எங்கள் தெருவின் பன்னிரண்டு குடிசைக்கும் முன்னால் என்ன செடி நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர்தான். இடுப்பில் எப்போதும் ஒரு கட்டு நொச்சிக் குச்சி. அதனால் வந்த பேர் அது. சொந்தப் பேர் அவர் அக்காவுக்கே மறந்துவிட்டது.

நாங்கள் இருந்த மண் பண்ணையாருடையது. அவருடைய காரியக்காரர் தினமும் தெருவைச் சுற்றி வருவார். பூச்செடியோ முருங்கையோ, வேர் விட்டிருந்தால் பிடுங்கி எறிவார். செடி நிலைத்தால் ஆளும் நிலைத்துவிடுவான் என்று பயம். கூலி கேட்டுக் கொடி பிடித்த காலம் அது. பக்கத்து ஊரில் நாலு குடிசையைப் பிரித்தே போட்டுவிட்டார்கள்.

மாமா ஒவ்வொரு வாசலிலும் குந்தி, ஆட்டை இழுத்து வந்து இலையை நீட்டிப் பரீட்சை வைப்பார். "பாத்தியா, ஆடும் தொடாது. காரியக்காரனும் தொடமாட்டான். வாய்க்கால்ல மொளைக்கிற சனியன், தானா மொளைச்சிருக்குன்னு போயிடுவான்."

நான் வாழ்க்கைப்பட்டு வந்த மூன்றாம் நாள் என் வாசலிலும் ஒரு குச்சி. பிடுங்கிப் போட்டேன்.

"ஏன் புள்ள புடுங்குன?"

"நான் என்ன வாய்க்கால் கரைக்கா வாக்கப்பட்டேன்? எங்க அம்மா வூட்டு வாசல்ல செம்பருத்தி. இங்கயும் அதான்."

"உன் செம்பருத்தி பூக்குறதுக்குள்ள எனக்குப் பல்லு மொளைச்சிடும்" என்றார், பல்லே இல்லாத மாமா. பிடுங்கிய குச்சியைக் கொல்லைப்பக்கம் வாய்க்காலோரம் நட்டுவிட்டுப் போனார்.

மூன்று தடவை செம்பருத்தி வைத்தேன். மூன்று தடவையும் காரியக்காரர் பிடுங்கினார். அதற்குப் பிறகு ரோஷம்தான் மிச்சம். மாமாவிடம் நொச்சி கேட்க வாய் வரவில்லை.

ஏழு வருஷம் கழித்து, குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சர்க்கார் சட்டம் போட்டது. ஏற்கெனவே குடியிருப்பவர்களை எழுதிப் போக ஓர் அதிகாரி வந்தார். காரியக்காரரும் கூடவே வந்து, "எல்லாம் போன மாசம் போட்ட குடிசைங்க" என்றார்.

மாமா கும்பிட்டார். "ஐயா, அந்த நொச்சியக் கொஞ்சம் புடிச்சுப் பாருங்க."

அடித்தண்டு மணிக்கட்டுப் பருமன். அதிகாரி பிடித்துப் பார்த்தார், எழுதினார். இப்படிப் பதினோரு வீடு. பன்னிரண்டாவது என்னுடையது. வாசல் மொட்டை.

"இதாவது புதுசுதானுங்களே?" என்று காரியக்காரர் சிரித்தார். நான் மெழுகிய மண், என் இரண்டு பிள்ளைகள் பிறந்த மண்.

மாமா குறுக்கே வந்தார். "இது கொல்லைங்க. வாசல் அந்தாண்ட, வாய்க்கால் பக்கம். நொச்சி நிக்குது பாருங்க."

"அங்க சின்னப் படல்தானே இருக்கு. இந்தக் கதவு எதுக்கு?"

"ஆடு போக வரத்தாங்க."

"ஆட்டுக்கு இவ்வளவு பெரிய கதவா?"

"பெரிய ஆடுங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம்?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பிடுங்கி எறிந்ததை நானே கைகாட்டினேன்.

"நொச்சி நிக்கிற பக்கம்தாங்க."

எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் படலைத் தெருப்பக்கமும் கதவை வாய்க்கால் பக்கமும் மாற்றினார். "அரசாங்கத்துக்கிட்ட சொன்ன சொல்லு, பொய்யாப் போவக்கூடாது" என்று மாமா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு சம்பந்தி வந்தாலும் சேற்றில் இறங்கித்தான் என் வீட்டுக்கு வரவேண்டியிருந்தது.

மாமா போய் வெகுகாலமாயிற்று. இப்போது மகன் மாடிவீடு கட்டுகிறான். தெருப்பக்கம் வாசலாம். அதன் முன்னால் வைக்க இட்லிப்பூ, குரோட்டன்ஸ் என்று தஞ்சாவூர் நர்சரியில் எடுத்த படங்களைக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தன, வைத்துக்கொள் என்றேன். வாய்க்கால் பக்கமும் ஒரு கதவு வேண்டும், நொச்சியைத் தொடக்கூடாது என்றேன்.

"அந்தப் பக்கம் யாரும்மா வரப்போறாங்க?" என்றான்.

மாமா வந்தால் அந்தப் பக்கமாகத்தான் வருவார்.