ஆடாத மேசை

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதல் வரியில் சுகம் என்று எழுதுவது மரியாதை என்பதால் எழுதியிருக்கிறேன். அதை அப்படியே நம்பி, மீதிக் கடிதத்தைப் படிக்காமல் மடித்து வைத்துவிட வேண்டாம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த ஓட்டல் அறையில் நான் போனில் என்ன முணுமுணுத்தாலும், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் குளித்துக்கொண்டிருக்கும் உங்கள் அக்காவுக்குக் கேட்டுவிடுகிறது. எதிரில் நின்று கத்தினால் கேட்பதில்லை. கடிதத்தைக் கீழே வரவேற்பில் கொடுத்தால் தபாலில் சேர்த்துவிடுவார்கள்தான். ஆனால் வரவேற்பில் வேலை பார்ப்பதே நம் பெண். அதனால் தபால் பெட்டி கண்ணில் படும்வரை இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலையப் போகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். "அத்தான், தீவுக்குப் போய் நல்லா ஊரைச் சுத்துங்க, கடல்ல குளிங்க, நல்ல இடமாப் பாத்து, நம்ம பொண்ணுக்குப் பிடிச்ச அந்தப் பையன் வீட்டாரைக் கூப்பிட்டு ஒரு சாப்பாடு போடுங்க. அது போதும், மீதியை நான் பேசி முடிச்சுக்கறேன்" என்று சொல்லித்தான் எங்களை அனுப்பி வைத்தீர்கள். நான் ஊர் சுற்றவில்லை. கடலில் குளிக்கவுமில்லை. வந்த நாள் முதல் அந்த நல்ல இடத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். இங்கே தடுக்கி விழுந்தால் ஒரு சாப்பாட்டுக் கடை. நானும் ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுந்து எழுந்துவிட்டேன். நன்றாக யோசித்து நான் வந்திருக்கும் முடிவு என்னவென்றால், இந்தத் தீவில் உட்கார்ந்து சாப்பிட இடமே இல்லை. ஆகவே நீங்கள் பையனின் அப்பா அம்மாவிடம் பக்குவமாகப் பேசி, வியாழக்கிழமைக்கு வைத்திருக்கும் அந்தச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டும். எதுவரைக்கும் என்று அவர்கள் கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு வருஷம் போல என்று சொல்லுங்கள்.

இடமில்லை என்பதற்குக் காரணம் சொல்லாமல் விட்டால் அத்தான் அழிச்சாட்டியம் பண்ணுகிறார் என்பீர்கள். கேளுங்கள். நான் கட்டட மேற்பார்வையில் காலத்தை ஓட்டியவன். ஓய்வு பெற்ற அன்று போட்ட மாலை அன்றைக்கே வாடிவிட்டது, போர்த்திய சால்வையை உங்கள் அக்கா தையல் மெஷினுக்கு உறையாகப் போட்டுவிட்டாள், சாய்வு பார்க்க என் சட்டைப் பையில் வைத்திருந்த சின்ன ரசமட்டம் மட்டும் இன்னும் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதற்குள் இருக்கும் குமிழி நடுவில் வந்து நிற்காத இடத்தில் நான் செங்கல் வைக்க விட்டதில்லை. இப்போது சாப்பாட்டுத் தட்டும் வைக்க விடுவதில்லை. உங்கள் கல்யாண விருந்தில் மேசைமேல் அதை வைத்துப் பார்த்ததற்கு நீங்கள் இன்னும் மனத்தாங்கலாக இருப்பதாக உங்கள் அக்கா சொல்கிறாள். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். ஆனால் மேசை சாய்ந்துதான் இருந்தது.

முதலில் பெண்ணே எங்களைப் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். மரப்பலகைத் தரை, ஓலைக் கூரை, ஓரத்தில் ஒரு மேசை. கையை ஊன்றினேன், டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. கையை எடுத்தேன், டக்கென்று மறுபக்கம் சாய்ந்தது. ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஓடிப்போய் மூலையில் ஒட்டிக்கொண்டது. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். "சார், இந்த மேசை எல்லாருக்கும் ஆடும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்று சிரித்தார். "யாரும் கேக்காததாலதான் ஆடுது" என்றேன். அதற்கும் சிரித்தார். பெண் என் கையைப் பிடித்து அழுத்தி, "அப்பா, நானும் அவரும் தினமும் இந்த மேசையிலதான் சாப்பிடறோம். கல்யாணம் பண்ணிக்கலாம்னு பேசினதும் இங்கதான்" என்று மெதுவாகச் சொன்னாள். கல்யாணப் பேச்சை ஒரு ஆடுகிற மேசையில் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு மீனை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்பது உண்மைதான். மீன் வேறு, மேசை வேறு. அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது பெண் வேலை பார்க்கிற இந்த ஓட்டலின் மொட்டை மாடி. மேசைகள் நல்ல கனம், ஆடவே ஆடாது. ஆனால் மேசைக்கு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, இருக்கிற விளக்கையெல்லாம் அணைத்துவிடுகிறார்கள். அதற்குப் பெயர் அழகாம். குமிழி எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. போனில் டார்ச்சைப் போட்டேன். அது ரசமட்டத்தில் விழாமல் பக்கத்து மேசையில் விழுந்துவிட்டது. அங்கே ஒரு ஜோடி சாப்பாட்டை மறந்து வேறு காரியத்தில் மும்முரமாக இருந்தது. நான் மரியாதைக்கு "நீங்க சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்தேன். அது சரியான சொல் இல்லை என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. மேனேஜர் வந்தார். பின்னாலேயே நம் பெண் ஓடி வந்து, "அப்பா, நான் இங்க வேலை பாக்கறேன்பா" என்றாள். எதிரில் இருப்பவர் தலையாட்டுகிறாரா, கொட்டாவி விடுகிறாரா என்று தெரியாத இருட்டில் சம்பந்தம் பேச முடியாது. அந்த இடமும் போயிற்று.

மூன்றாவது இடத்தை நானே கண்டுபிடித்தேன். கடற்கரையில் மணலிலேயே மேசை நாற்காலி போட்டிருக்கிறார்கள், அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போகும். உட்கார்ந்தவுடன் நன்றாகத்தான் இருந்தது. சூப் வந்தபோது உங்கள் அக்காவை நேருக்கு நேர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். சோறு வந்தபோது அவள் கொஞ்சம் உயரமாகிவிட்டது போலிருந்தது. பழம் வருகிற நேரத்தில் என் முகவாய் மேசை விளிம்பில் இடித்தது. ஒவ்வொரு அலைக்கும் என் நாற்காலி மணலுக்குள் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. உங்கள் அக்கா எடை குறைவு, அவள் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. அவளை நான் அண்ணாந்து பார்க்க வேண்டி வந்துவிட்டது. "இந்த ஏற்பாடு நல்லாத்தான் இருக்கு, நம்ம வீட்டுலயும் இப்படிப் பண்ணிக்கலாம்" என்றாள். என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் வந்தார்கள். செருப்பில் ஒன்று கடலுக்குப் போய்விட்டது. பெண்ணைப் பெற்றவன் பேச்சு ஆரம்பிக்கும்போது ஒரு உயரத்திலும் முடியும்போது ஒரு உயரத்திலும் இருந்தால் அந்தச் சம்பந்தம் உருப்படுமா, நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக மெயின் ரோட்டில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடம். வேண்டியதை வேண்டுமளவு நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பளிங்கு மேசை. நல்ல வெளிச்சம். ரசமட்டத்தை எடுத்து வைத்தேன். குமிழி நேராக நடுவில் வந்து நின்றுவிட்டது. மேசையை வேறு பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னேன். அப்போதும் நடுவில் நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. உங்கள் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் எழுந்து போவதும் வருவதுமாக இருந்தார்கள். "பாத்தியா, இது சரிப்படாது" என்றேன். "நான் இங்க 'எங்க பொண்ணு' அப்படின்னு ஆரம்பிப்பேன், அந்தப் பையனோட அப்பா அன்னாசிப்பழம் எடுத்துட்டு வர எழுந்து போயிடுவார். அவர் வந்ததும் அந்தம்மா போவாங்க. நாலு பேரும் ஒண்ணா உக்காந்தா தானே பேச்சு?"

உங்கள் அக்கா தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஓட்டல் தேடலை. ஓட்டல் கிடைச்சிடக் கூடாதேன்னு தேடறீங்க."

இது அபாண்டம் என்று உங்களுக்கு எழுதத்தான் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அபாண்டம் என்று இதோ எழுதியும்விட்டேன். ஆனால் அதற்கு மேல் அந்த வரி நகரவில்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. பையன்மீது எனக்குக் குறை ஒன்றுமில்லை. படகு இன்ஜின் பழுது பார்ப்பவன், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் கருப்பு இருக்கிறது, அது உழைக்கிறவன் கை. பார்த்ததும் எழுந்து நிற்கிறான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். மாப்பிள்ளை என்று எழுதத்தான் கை வரவில்லை, அதனால் பையன் என்றே எழுதுகிறேன். அவள் இரண்டு வருஷமாக இங்கே வேலையில் இருந்தாலும் அது வேலை, லீவு விட்டால் வந்துவிடுவாள் என்று இருந்தேன். அந்தச் சாப்பாடு முடிந்துவிட்டால் இதுதான் அவள் ஊர். நாங்கள் வந்து போகிறவர்கள். சின்ன வயதில் அவள் எழுதுகிற மேசை துளி ஆடினாலும் பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு "அப்பா!" என்று கத்துவாள். நான் காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் வைப்பேன். அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்காருவாள். அந்தப் பெண் இப்போது தினமும் ஒரு ஆடுகிற மேசையில் உட்கார்ந்து சந்தோஷமாகச் சாப்பிடுகிறாள். எனக்கு அது தாங்கவில்லை.

இதையெல்லாம் பையன் வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். தீவில் நல்ல சாப்பாட்டுக் கடை அமையவில்லை என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். தீவில் இருக்கிறவர்களிடமே அதைச் சொல்வது கொஞ்சம் சிரமம்தான். உங்களுக்குப் பேசத் தெரியும்.

உங்கள் மனைவிக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் இருவருக்கும் இந்த மாமாவின் ஆசி எப்போதும் உண்டு. நன்றாகப் படிக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடட்டும். வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
அத்தான்

பி.கு.: தபால் பெட்டி கண்ணில் பட்டது. போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். கை சட்டைப் பைக்குள் போயிற்று, கடிதத்தோடு வெளியே வரவில்லை. அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது.

உங்கள் அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் படகுத்துறைக் கடையில் அதே மேசைக்குச் சொல்லி வைத்துவிட்டாள். போனோம். பையனின் அப்பா படகு கட்டும் தச்சர், வாசலை அடைக்கிற உடம்பு. வந்தார், வணக்கம் சொன்னார், உட்கார்ந்தார். பேச்சை எப்படித் தொடங்குவது என்று நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கும்போது, அவர் உள்ளங்கையை மேசைமேல் வைத்து ஒரு அமுக்கு அமுக்கி, "ஆடுதே" என்றார். மைத்துனரே, எனக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "படகு ஆடலாங்க, கீழே தண்ணி இருக்கு. மேசை எதுக்குங்க ஆடணும்?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தார். நானும் குனிந்தேன். இருவர் தலையும் மேசைக்கு அடியில் முட்டிக்கொண்டன. "காகிதம் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்றார். என்னிடம் இந்தக் கடிதம்தான் இருந்தது. அதன் கனத்தைப் பார்த்துவிட்டு, "முக்கியமான கடிதம் போலிருக்கே?" என்று தயங்கினார். "அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றேன். நாலாக மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் சொருகினோம். மேசை நின்றுவிட்டது.

நாங்கள் இருவரும் மூச்சு வாங்க மேலே வந்தபோது பெண் மேசையை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீனில் காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். மீன் இன்னும் வந்திருக்கவில்லை.

பேச்சு நல்லபடியாக முடிந்தது. தேதி கேட்டு அவர்கள் உங்களிடம் பேசுவார்கள். ஒரு வருஷமெல்லாம் இழுக்க வேண்டாம், பக்கத்தில் எது நல்ல நாளோ அதற்குச் சரி என்று சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். தீவில் எங்கே சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் படகுத்துறைக் கடையைச் சொல்லுங்கள்.

புறப்படும்போது கடிதத்தை உருவினேன். மேசை உடனே டக்கென்று சாய்ந்தது. சிரிக்கிற மனிதர் முதல்முறையாகச் சிரிக்காமல், "சார், அதை இங்கேயே விட்டுட்டுப் போங்களேன்" என்றார். உங்களுக்கு எழுதியதாயிற்றே, நீங்கள் ஒரு முறை படித்துவிடட்டும், அப்புறம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் படித்து முடித்ததும் அதே மடிப்பில் மடித்து, கல்யாணத்துக்கு வரும்போது மறக்காமல் கையோடு கொண்டு வரவும். நடுவில் ஒரு தாளும் தவறிவிடக் கூடாது. நான் இதில் ஒரு பக்கம் குறைத்து எழுதியிருந்தால் மேசை ஆடியிருக்கும்.