ஒரே சட்டி, இருபத்தைந்து நிமிடம்

அடுப்பிலிருந்த சட்டியிலிருந்து கிளம்பிய மணம் நன்றாக இருந்தது.

நன்றாக என்றால் ஏதோ சுமாரான நன்றாக இல்லை. வெங்காயமும் பூண்டும் எண்ணெயில் புரண்டு, கோழித் துண்டுகளில் சீரகத்தூள் ஏறி, உப்பளத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியிலிருந்து கீழே வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் இறங்கி, அங்கே படுத்திருந்த நாயை எழுப்பி உட்காரவைத்த மணம். வேறு யாராவது என்றால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பார்கள். செம்மல் தலையில் கை வைத்துக்கொண்டான். இன்றைக்கு இந்தச் சாப்பாடு கெட்டே ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். அவன் மனைவி மேனகா ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பிரெஞ்சு பேசக் கற்றுக்கொண்டால் வெளிநாட்டுப் பயணிகளைக் கவனிக்கும் இடத்துக்கு மாற்றித் தருவதாக முதலாளி சொன்னதும், திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அதுவரை செம்மலுக்கும் பெருமைதான். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, வயிறு நிறைய மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு அவன் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் மீதியைச் சொன்னாள்.

"அந்த மூணு நாளும் ராத்திரி சமையல் உங்களுது. நாளைக்கு ஒருநாள் செஞ்சு பாருங்க. வரலன்னா விடுங்க, மெஸ்ல சொல்லிக்கலாம்."

'வரலன்னா' என்ற அந்த ஒரு சொல்லைச் செம்மல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

ஏனென்றால் திங்கள், புதன், வெள்ளிதான் பெத்தாங். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது எடுத்துப்போக மறந்த ஆட்டம் அது. ஒரு சின்ன மர உருண்டையை வீசிவிட்டு, யாருடைய இரும்புக் குண்டு அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிறது என்று குனிந்து குனிந்து பார்ப்பார்கள். மேட்டுப்பாளையத்தில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் நாளெல்லாம் மூடிகளில் குறை கண்டுபிடிப்பது செம்மலின் உத்தியோகம். மாலையில் அந்தக் குண்டைக் கையில் எடுத்தால்தான் அவனுக்கு உயிரே வரும். அடுத்த மாதம் போட்டி வேறு. மூன்று பேர் அணியில் எதிர்வீட்டு அரிகிருஷ்ணன் முழங்கால் வலி என்று போன வருடமே கழன்றுகொண்டான். எப்படியோ ஓர் ஆளைப் பிடித்து ஒப்பேற்றியிருந்தார்கள். இவனும் போனால் அணி அம்போ.

முடியாது என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போன இடத்தில், "வீட்டு வேலையெல்லாம் ஆளுக்குப் பாதிதான் மாமா" என்று அலட்டியது சாட்சாத் இவனே. ஆகவே, வரவில்லை என்று காட்டுவது ஒன்றுதான் வழி. ஒரே ஒரு நாள். வாயில் வைக்க விளங்காத ஒரே ஒரு சாப்பாடு.

மேனகாவோ சாமர்த்தியக்காரி. வீடியோக்களில் தேடித் தேடி, கெடுக்கவே முடியாத ஒன்றாகப் பிடித்திருந்தாள். டெக்ஸ்-மெக்ஸ் சோறு. டெக்சஸ்காரர்களும் மெக்சிகோக்காரர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து பழகியதில் பிறந்த சமையலாம். 'ஒரே சட்டி, இருபத்தைந்து நிமிடம், குழந்தைகூடச் செய்யலாம்' என்று வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். கோழி, மசாலா, ராஜ்மா, மக்காச்சோளம், குடைமிளகாய், தக்காளி, அரிசி என்று வரிசையாகப் போட்டு மூடிவைத்து, கடைசியில் சீஸைத் துருவித் தூவினால் முடிந்தது. போதாததற்கு மேனகா காலையிலேயே எல்லாவற்றையும் நறுக்கி, வேகவைத்து, அளந்து, டப்பாக்களில் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். எண் படிக்கத் தெரியாது என்று சாதிக்க முடியுமா?

செம்மல் உப்பு ஜாடியைத் திறந்தான். ஒரு கரண்டி. இரண்டு. மனச்சாட்சி லேசாகத் தொண்டையைச் செருமியது. பெத்தாங்கை நினைத்துக்கொண்டு மூன்றாவது கரண்டியையும் போட்டான்.

அழைப்புமணி அடித்தது.

"செம்மலு, ஒரு எலுமிச்சம்பழம் இருக்குமா?"

வாசலில் அரிகிருஷ்ணன் நின்றிருந்தான். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனிக்காரன். செம்மல் வயதுதான்.

"இல்லப்பா" என்று செம்மல் கதவைச் சாத்தப் போனான். அதற்குள் அரிகிருஷ்ணனின் மூக்கு உள்ளே போயிருந்தது. மூக்குக்குப் பின்னால் ஆளும் போய்விட்டான்.

"இன்னா வாசனப்பா இது! நீயா சமைக்கிற?" கேட்டுக்கொண்டே கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தான். முகம் அஷ்டகோணலானது. "யோவ், கடல் தண்ணி மாதிரி இருக்கு!"

"அப்டியா? ஐயையோ" என்றான் செம்மல், பல்லெல்லாம் தெரிய. "எனக்கு இதெல்லாம் எங்க வருது? விடு, கொட்டிட வேண்டியதுதான்."

"கொட்டுறதா? இரு இரு. இன்னும் அரிசியே போடலியே நீ! கணக்குக்கு மேல ரெண்டு டம்ளர் அரிசி சேத்துப் போடு, நாலு தக்காளி அரிஞ்சி போடு. உப்பு தானா அடங்கிடும்."

"சட்டி கொள்ளாதுப்பா."

"எங்க வீட்டு பிரியாணிச் சட்டி இருக்கு!"

போனவன் அரை நிமிடத்தில் சட்டியோடு வந்தான். சட்டி, கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது. எல்லாம் அதற்கு மாறியது. தண்ணீர் கொதித்தது, அரிசி உப்பைக் குடித்தது. கால் மணி கழித்து அரிகிருஷ்ணன் ருசி பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான். செம்மலும் ருசி பார்த்தான். கச்சிதமான உப்பு.

இவனை வெளியே அனுப்பாமல் காரியம் ஆகாது.

"அரி, கொஞ்சம் கொத்தமல்லி கெடைக்குமா உங்க வீட்ல?"

அவன் தலை மறைந்ததும் செம்மல் அடுப்பைத் திருகோ திருகென்று திருகினான். நெருப்பு சட்டியின் இடுப்பு வரைக்கும் ஏறியது. தொழிற்சாலையில் ஒரு மூடியில் கீறல் விட்டதற்காக நாலு பேரைக் கேள்வி கேட்பவன், இப்போது கரண்டியும் கையுமாக அடி பிடிக்கிற வாசனையைக் கண்ணை மூடி அனுபவித்துக்கொண்டிருந்தான்.

"கெளறாத! கரண்டிய கீழ போடு!"

அரிகிருஷ்ணன் ஓடி வந்தான், ஒரு கையில் கொத்தமல்லி, இன்னொரு கையில் ரொட்டித் துண்டுகள். கொத்தமல்லி கேட்டால் ரொட்டி எதற்கு என்று செம்மல் யோசிப்பதற்குள், அடியைத் தொடாமல் மேலாக அள்ளி இரண்டு குக்கர் பாத்திரங்களில் மாற்றியாயிற்று. சோற்றின்மேல் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி மூடினான்.

"தீஞ்ச வாசனைய ரொட்டி இழுத்துக்கும். லேசா மிச்சம் இருந்தா இருக்கட்டும். மெக்சிகோக்காரன் எதையுமே நெருப்புல வாட்டித்தான் திம்பானாம்."

"அது உனக்கு எப்டிப்பா தெரியும்?"

"அடிபட்டா எல்லாம் தெரியும் செம்மலு."

ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தபோது, விறகடுப்பில் வைத்த கல்யாணப் பிரியாணியைப் போல் புகையும் மணமுமாகக் கமகமத்தது. செம்மலுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. மணி ஏழு இருபது. மைதானத்தில் இந்நேரம் குண்டுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்கும்.

இனி மறைத்துப் பயனில்லை என்று துணிந்தான். மிளகாய்த்தூள் பாக்கெட்டைப் பிரித்து, அரிகிருஷ்ணன் கண்ணெதிரிலேயே பாதியை இரண்டு பாத்திரத்திலும் பங்கிட்டுக் கொட்டிக் கிளறினான்.

"மெக்சிகோன்னாலே காரம்தான?"

அரிகிருஷ்ணனுக்கு இருமல் வந்தது. செம்மலுக்குத் தும்மல் வந்தது. எதிர்ச்சுவரில் இருந்த பல்லி இடத்தைக் காலி செய்தது. இருமி முடித்த அரிகிருஷ்ணன் கொஞ்சங்கூடக் கோபப்படவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து தயிரை எடுத்தான். கட்டித் தயிரை அடித்து ஊற்றினான், வெல்லம் ஒரு சின்னக் கட்டி நுணுக்கிப் போட்டான், மீதியிருந்த சோளத்தையெல்லாம் சேர்த்தான், சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அறுத்துப் பிழிந்தான். வேறு நாளாக இருந்தால் அந்தப் பழத்தைப் பற்றிச் செம்மல் இரண்டு கேள்வி கேட்டிருப்பான். இப்போது அவன் ருசி பார்த்துக்கொண்டிருந்தான். புளிப்பு, காரம், இனிப்பு, புகை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நாக்கில் உட்கார்ந்தன. தன் வாழ்நாளில் இப்படி ஒன்றைச் சாப்பிட்டதில்லை.

எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் குவித்து, சீஸைத் துருவித் தூவினான் அரிகிருஷ்ணன். கழுவுதொட்டியில் அந்த 'ஒரே சட்டி'யோடு பிரியாணிச் சட்டி, இரண்டு குக்கர் பாத்திரம், தயிர்ச் சட்டி, வாணலி, நான்கு கிண்ணங்கள், எண் ஒட்டிய ஏழு டப்பாக்கள் எல்லாம் கூட்டணி வைத்திருந்தன.

கடைசி ஆயுதம் ஒன்று பாக்கி. செம்மல் தாம்பாளத்தைத் தூக்கினான். "நான் மேசையில வெக்கிறேன்" என்று சொல்லி இரண்டடி நடந்து, இல்லாத எதன்மேலோ தடுக்கி, "ஐயோ" என்று கைகளை விட்டான்.

முழங்கால் வலிக்காரன் அரிகிருஷ்ணன் இரண்டு முழங்காலிலும் சறுக்கிக்கொண்டு வந்து தாம்பாளத்தைத் தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்தான். ஒரு பருக்கை சிந்தவில்லை.

"பாத்துப்பா" என்றான் பாசமாக.

கதவு திறந்தது. "போன்சுவார்!" என்று மாலை வணக்கத்தைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே மேனகா நுழைந்தாள். செம்மல் முந்திக்கொண்டான்.

"மேனகா, உண்மையச் சொல்லிடறேன். இத நான் செய்யல. எல்லாம் அரிதான். எனக்கு சுத்தமா வரல."

"நான் எங்க செஞ்சேன்? எலுமிச்சம்பழம் கேட்டு வந்தேன், சும்மா நின்னேன்" என்றான் அரிகிருஷ்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு. "எல்லாம் இவன் கைப்பக்குவம்மா. பொறந்ததே சமைக்கத்தான்." சொல்லிவிட்டு ஆள் மாயமாகிவிட்டான்.

மேனகா கைப்பையைக்கூட வைக்காமல் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அப்புறம் உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை போட்டுக்கொண்டபோதுதான் நிமிர்ந்தாள்.

"கல்யாணமாகி மூணு வருஷமா நான் வந்து பத்தவெச்சாதான் இந்த வீட்ல அடுப்பு எரியும். இன்னைக்கு மாடி ஏறும்போதே வாசன வந்துச்சுங்க. யாரோ குடுத்துவெச்சவ வீடுன்னு நெனச்சேன். பாத்தா நம்ம வீடு."

செம்மலுக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தில் நாள் முழுவதும் வேலை பார்த்த களைப்பும், அதன்மேல் சின்னப்பிள்ளைத்தனமான சந்தோஷமும், மோவாயில் ஒரு சோளமும் ஒட்டிக்கொண்டிருந்தன. இவளை ஏமாற்றவா இத்தனை பாடுபட்டோம் என்று நினைத்தான். கூடவே, கைப்பக்குவம் என்கிறார்களே, ஒருவேளை நிஜமாகவே இருக்கிறதோ என்று கொஞ்சம் கர்வமும் வந்தது.

"திங்க, புதன், வெள்ளி நான் பாத்துக்கறேன் மேனகா. நீ நிம்மதியா கிளாசுக்குப் போ."

"உங்க பெத்தாங்?"

"அது எங்க போயிடும்? செவ்வா, வியாழன் ஆடச் சொல்லிப் பசங்ககிட்ட பேசிக்கறேன். நாளைலேர்ந்தே ஆரம்பிச்சுடலாம்."

"நெஜமாவா?"

"சத்தியமா."

சொன்னதோடு நிற்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, பதினேழு பாத்திரங்களையும் தேய்க்கத் தொடங்கினான். அடிபிடித்த பிரியாணிச் சட்டியைச் சுரண்டச் சுரண்ட மனது லேசானது. தியாகம் செய்கிறவர்களுக்கு வரும் ஒரு மாதிரியான சிரிப்புகூட உதட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் சட்டியை வாங்கிப்போக அரிகிருஷ்ணனின் மனைவி சுமலதா வந்தாள். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். சோப்பு நுரைக்குள் முழங்கை வரை மூழ்கியிருந்த செம்மலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேனகாவின் தோளில் தட்டினாள்.

"பரவால்லியே மேனகா, எங்க வீட்டுக்காரர் வழிக்கு வர்றதுக்கு மேல் வீட்டு மதிவாணன் சாரு நாலு தடவ எலுமிச்சம்பழம் கேட்டு வந்து நின்னாரு, உன் வீட்டுக்காரர் ஒரே நாள்ல வந்துட்டாரே! அப்ப நாளைக்கு செவ்வாக்கெழம மூணாவது மாடி புது மாப்பிள்ள மொத தடவையா சமைக்கிறாராம், கெடுத்துடாம பக்கத்துல நின்னு பாத்துக்க இவரையே அனுப்பிடு."