மூன்று தொப்பிக் காப்பி

திருட்டுப் படத்துக்கும் தரம் உண்டு. எங்கள் ஊரான எல் ஆல்தோவில் அதைத் தொப்பியால் அளப்போம். எங்கள் பெண்கள் சினிமாக் கொட்டகையிலும் வட்டத் தொப்பியைக் கழற்றமாட்டார்கள்; கழற்றச் சொல்லும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. அதனால் கொட்டகையில் ஒளிந்து எடுத்து இணையத்தில் ஏற்றும் படத்தின் அடியில் தொப்பிகள் தெரியும். மூன்று தொப்பி என்றால் மட்டம். ஒரு தொப்பி என்றால் குடும்பத்தோடு பார்க்கலாம். தொப்பியே இல்லாதது மொட்டைக் காப்பி. அது தயாரிப்பாளர் வீட்டிலேயே கைவைத்தால்தான் கிடைக்கும்.

ஒரு தொப்பி என்று நம்பி இறக்கிய படத்தில் மூன்று தொப்பி இருப்பதாகப் பொதுமக்கள் முறையிட்டார்கள். நகராட்சி விழித்துக்கொண்டது. திருட்டைத் தடுப்பது தன் அதிகார வரம்புக்குள் வராது என்பதால், திருட்டில் நடக்கும் மோசடியைத் தடுக்கத் தொப்பித் தர நிர்ணயப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. அதற்கு அதிகாரி டாக்டர் ரெம்பெர்த்தோ அலானோகா. பட்டம் எதுவும் வாங்காதவர். எங்கள் ஊரில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தாலே டாக்டர்தான்.

எதெல்மிரா யூஹ்ரா அவரைப் பார்க்க வந்த அன்று, நானும் ஒரு மூன்று தொப்பிப் புகாரோடு வரிசையில் நின்றேன். எதெல்மிரா எங்கள் ஊரைப் பற்றி எங்கள் ஊரிலேயே படம் எடுத்தவர். முதல் காட்சியிலேயே யாரோ அதைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். ஊரே பார்த்தாயிற்று. ஆனால் கடைசிக் காட்சியில், பேருந்து ஏறும் மகனிடம் தாய் சொல்லும் ஒரே வார்த்தையைச் சோளப்பொரிப் பையின் சரசரப்பு விழுங்கிவிட்டது. அந்த வார்த்தைக்காகத்தான் அவர் படமே எடுத்தார். ஊர் அதை ஒரு தடவையாவது கேட்கவேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை நகராட்சி மண்டபத்தில் அசலைத் திரையிட அனுமதி கேட்டு வந்திருந்தார்.

டாக்டர் அசலை ஓடவிட்டுப் பார்த்தார். முகம் கறுத்தது.

“தொப்பி எங்கம்மா?”

“இது அசல், டாக்டர். தொப்பி இருக்காது.”

“எங்க பதிவுல இந்தப் படத்துக்கு மூணு தொப்பி. மூணையும் எடுத்தது யாரு?”

“யாரும் எடுக்கல. முதல்லயே கிடையாது.”

“அப்போ மொட்டைக் காப்பி. மொட்டைக் காப்பி வெச்சிருக்கறவங்க தயாரிப்பாளர் வீட்டுல கை வெச்சவங்க.”

“தயாரிப்பாளரே நான்தான்!”

“அப்போ உங்க வீட்டுலயே கை வெச்சிருக்கீங்க. சொந்த வீடாச்சேன்னு விட்டுடறேன்.”

“ரொம்பப் பெரிய மனசு,” என்று எதெல்மிரா பல்லைக் கடித்தார். “அனுமதி?”

“பதிவோட ஒத்துப்போகணும். மூணு தொப்பிக்கு ஏற்பாடு பண்ணிட்டு வாங்க. ஒரே ஒரு காட்சிக்குத் தரேன்.”

எனக்கு எதெல்மிராவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் அத்தைகள் மூவரையும் தொப்பிகளோடு அழைத்து வருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. நகராட்சி உத்தரவுக்கிணங்க அத்தைகள் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் எண்ணிப் பார்த்துத் திருப்தியடைந்தார். படமும் ஓடியது. பேருந்து வந்தது, மகன் படியில் கால் வைத்தான். இந்தத் தடவை வார்த்தையைத் தப்பவிடக் கூடாது என்று மண்டபத்தில் அத்தனை பேரும் போனைத் தூக்கினோம். தாய் வாயைத் திறந்தாள்.

“ஷ்ஷ்! பேசாதீங்க, பதிவாகுது!” என்றார் டாக்டர்.

“முதல்ல நீ வாயை மூடுய்யா!” என்றாள் பெரிய அத்தை.

“அத்தை, சும்மா இரு!” என்றேன் நான்.

மண்டபம் முழுக்க எல்லாரும் எல்லாரையும் அடக்கினோம். அடக்கி முடிப்பதற்குள் பேருந்து போய்விட்டது. இன்னொரு முறை ஓட்டலாமா என்று எதெல்மிரா கெஞ்சினார். அனுமதி ஒரு காட்சிக்குத்தான் என்று டாக்டர் விளக்கைப் போடச் சொன்னார்.

வாசலில் எதெல்மிரா கண் கலங்கி நின்றார். “அந்த வார்த்தை... கேட்டுச்சா தம்பி?”

“கவலைப்படாதீங்கக்கா,” என்றேன். “எல்லார் போன்லயும் இருக்கு.”

மறுநாள் இணையத்தில் எங்கு தேடினாலும் அந்தக் காட்சிதான். அத்தைகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் என்னுடையதில் ஒரு தொப்பிகூட இல்லை. படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நான் அத்தையை அதட்டுவது அட்சரம் பிசகாமல் கேட்கிறது. டாக்டர் அதற்கு முதல் தரம் கொடுத்திருக்கிறார்.